குளிசை டின்னுக்குள், எண்ணெய் தலையில்

போன கிழமை கல்லடியில் ஒரு வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்கு நாலு மாதம். தாய் சீப்பில் சுற்றிய முடியை உருண்டையாக எடுத்துக் காட்டி, "மொட்டையாகிடுவன் போல மிஸ்" என்றாள். அலுமாரிக்கு மேல் புது எண்ணெய்ப் போத்தல். மருத்துவிச்சி வேலைக்கு வந்த புதிதில் நான் இருந்த கோலம் அப்படியே. பிள்ளை பிறந்து முடி கொட்டும்போது தாய்மார் விடும் பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பாலை நிறுத்துவது

முடி கொட்டுவது பாலால் இல்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் கூடியிருப்பதால், விழ வேண்டிய முடியும் விழாமல் நிற்கும். பிரசவத்தோடு அது இறங்க, நின்றதெல்லாம் இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்து விழும். மாப்பால் கொடுக்கும் தாய்க்கும் இதே கதைதான். பெரும்பாலும் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குள் சரியாகிவிடும்.

இரும்புக் குளிசையைக் கைவிடுவது

இதை நினைத்தால் என் மேலேயே இன்னும் எரிச்சல் வரும். ஊருக்கெல்லாம் குளிசை எண்ணிக் கொடுத்த நான், மூத்தவன் பிறந்ததும் என்னுடையதை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினேன். மலச்சிக்கல், கறுப்பாகப் போகுது, பிள்ளைதான் பிறந்தாச்சே! அதற்கு முன்னும் ஒழுங்காகவா போட்டேன்? காலைத் தேத்தண்ணியோடு, கல்சியத்தையும் சேர்த்து ஒரே விழுங்கு. தேயிலைச் சாயமும் கல்சியமும் இரும்பை உடம்பில் சேர விடாது. நாலாம் மாதம் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.1, 12 ஆவது இருக்க வேண்டும். படியேற மூச்சு வாங்கியதை நித்திரை இல்லாத களைப்பென்று விட்டிருந்தேன். அதற்குள் அரைச் சம்பளம் எண்ணெய்க்குப் போயிருந்தது.

பிரசவ முடியுதிர்வைக் குளிசை நிறுத்தாது. ஆனால் இரும்பு குறைந்தால் அது இழுபடும். ஆகவே பிள்ளை பிறந்த பிறகும் 6 மாதம் போடுங்கள். தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி. கல்சியம் வேறு வேளைக்கு. தேசிக்காய்த் தண்ணியோ கொய்யாவோ கூட இருந்தால் நல்லது. கறுப்பாகப் போவது குளிசையின் வேலை, பயப்பட ஒன்றுமில்லை.

பத்தியம்

சரக்குக் கறியில் குறையில்லை. கீரை குளிர், பழம் கூடாது, தண்ணி அளவாக என்று நாற்பது நாள் ஒதுக்குவதுதான் பிழை. மாமியோடு சண்டை வேண்டாம்; முருங்கையிலைச் சுண்டலை அவவிடமே ஆக்கித் தரச் சொல்லுங்கள்.

திரிபோஷ

கிளினிக்கில் தரும் சத்துமா இது. தாய்க்குத் தந்தது தாய் சாப்பிட.

முடி விற்றமின்

சிலதில் விற்றமின் ஏ இருக்கும்; கர்ப்பத்தில் அது கூடினால் கருவுக்குக் கேடு. கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஒரு வருசம் தாண்டியும் கொட்டினால், அல்லது வட்டம் வட்டமாகப் போனால், எண்ணெய்க் கடைக்குப் போகாமல் தைரொயிட்டும் ரத்தமும் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள்.