மினி இம்ப்ளாண்ட்: மேற்பரப்பை நம்பி முதல் பிடியைக் கோட்டை விடாதீர்கள்

பல் சீரமைப்பில் பற்களை இழுத்து நகர்த்தத் தாடை எலும்பில் தற்காலிக நங்கூரமாகப் பதிக்கும் மினி இம்ப்ளாண்ட் மிகச் சிறிய திருகு. விட்டம் 1.2 முதல் 2 மில்லிமீட்டர், நீளம் பெரும்பாலும் 6 முதல் 12 மில்லிமீட்டர். எலும்பு நன்றாக ஒட்டுவதற்காக இதன் டைட்டானியக் கலவை மேற்பரப்பைத் துகள் வீசிச் சொரசொரப்பாக்கி அமிலத்தால் அரிப்பது, மின்வேதி முறையில் ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக்குவது, புற ஊதா ஒளி பாய்ச்சுவது எனப் பல உத்திகள் வந்துவிட்டன. அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால், திருகு கழன்றுபோகும் பெரும்பாலான நேரங்களில் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் தவறு, பதப்படுத்திய மேற்பரப்பு அன்றைக்கே பிடித்துக்கொள்ளும் என்று எண்ணுவது. எலும்புச் செல்கள் மேற்பரப்பில் ஒட்டிப் புது எலும்பை உருவாக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை திருகைத் தாங்குவது, அதன் மரை வெளிப்புற அடர்ந்த எலும்பைக் கவ்வும் பிடி மட்டுமே. சுற்றியுள்ள எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியதும் அந்தப் பிடியும் சற்றுத் தளரும். புது எலும்பு இன்னும் முழுமையாக வந்திருக்காது. பல தோல்விகள் இந்தத் தொடக்கக் காலத்திலேயே நேர்கின்றன. அடர்ந்த எலும்பு 1 மில்லிமீட்டர்கூட இல்லாத இடத்தில், மேற்பரப்பை எப்படிப் பதப்படுத்தினாலும் அந்தக் குறையை ஈடுகட்டாது. வேறு இடம் தேடுவதே சரி.

இழந்த பல்லுக்குப் பதிலாகப் பொருத்தும் நிரந்தரப் பல் இம்ப்ளாண்டின் கணக்கை இங்கே போடுவதும் தவறு. மினி இம்ப்ளாண்ட் வேலை முடிந்ததும் வெளியே வரவேண்டியது. விலங்குகளில் நடந்த பல ஆய்வுகளில், பதப்படுத்திய திருகைக் கழற்றக் கூடுதல் முறுக்கு விசை தேவைப்பட்டது உண்மைதான். ஆனால், மனிதர்களில் செய்த ஒப்பீடுகளில் தோல்வி அதே அளவுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. எலும்போடு அளவுக்கு மீறி இறுகினால், மெல்லிய திருகு கழற்றும்போது முறிந்துபோகும் ஆபத்தும் உண்டு.

என் பார்வையில் மிகவும் சேதம் விளைவிப்பது அதிகமாக முறுக்குவதுதான். இறுக்கம் கூடினால் உறுதியும் கூடும் என்று கைக்குத் தோன்றும், எலும்புக்கு அப்படியில்லை. சுமார் 1.6 மில்லிமீட்டர் திருகுகளுக்கு 5 முதல் 10 நியூட்டன் சென்டிமீட்டர் வரையிலான முறுக்கு விசை ஏற்றது என்று 2006-இல் வெளியான ஆய்வு பரிந்துரைத்தது. அதைப் பெரிதும் தாண்டினால் மரையைச் சுற்றிய எலும்பு நசுங்கி, நுண்விரிசல் விட்டு, மடியும். அன்று அசையாமல் நின்ற திருகு சில வாரங்களில் ஆடத் தொடங்கும். அடர்ந்த கீழ்த்தாடையில் தோல்வி மேல்தாடையைவிட அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அங்கே முன்துளை போட்டால் உப்புநீர் பாய்ச்சிக் குளிர்விக்கத் தவறக் கூடாது. 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படும்.

பல் வேருக்கு அருகே போடுவது அடுத்த பிழை. சீராக இறங்கிக்கொண்டிருந்த திருகு திடீரென முரண்டு பிடித்தால், நோயாளி சுருக்கென வலிப்பதாகச் சொன்னால், அங்கேயே நிறுத்திப் பின்வாங்குங்கள். இதற்காகவே ஈறு மட்டும் மரத்துப்போகும் அளவுக்கு மருந்து கொடுப்பது நல்லது. ஆழமாக மரத்துப்போனால் அந்த எச்சரிக்கை கிடைக்காது. வேரைத் தொடாவிட்டாலும், மிக நெருங்கி நிற்கும் திருகுக்கு மெல்லும்போது பல் வழியாக வரும் சிறு அசைவே வினையாகும்.

பதப்படுத்திய மேற்பரப்பைக் கெடுப்பதும் நம் கைதான். உறையிலிருந்து எடுத்த திருகின் மரையைக் கையுறை விரலாலும் தொடக் கூடாது. எச்சில் படவிடாமல், கருவியாலேயே எடுத்து நேரே எலும்புக்குக் கொண்டுபோக வேண்டும். டைட்டானியம் காற்றில் கிடந்தாலே கரிமப் படலம் படிந்து நீரை விலக்கத் தொடங்கும். புற ஊதா ஒளி அதை நீக்கத்தான். ஒருவரிடம் பயன்படுத்திய திருகைக் கிருமி நீக்கி இன்னொருவருக்குப் போடுவதை அறவே தவிர்க்க வேண்டும்.

ஈறு வழியாக வெளிவரும் கழுத்துப் பகுதி வழவழப்பாகவே இருக்கட்டும். அங்கே சொரசொரப்பு இருந்தால் பாக்டீரியாப் படலம் எளிதில் படியும், ஈறு வீங்கும், திருகு ஆடும். அசையாத உறுதியான ஈறில் போடுவதும், மென்மையான பிரஷ்ஷால் தினமும் சுத்தம் செய்யச் சொல்லித்தருவதும் இதனால்தான்.

திருகு ஆடுகிறது என்றால், அதே துளையில் மீண்டும் முறுக்கி இறுக்காதீர்கள். நோயாளிகளும் விரலாலோ நாக்காலோ ஆட்டிப் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவர் அதை எடுத்துவிட்டு வேறு இடத்தில் போடலாம். அதே இடம்தான் வேண்டுமென்றால் எலும்பு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.