காலி ஸ்லாட்டில் பழைய கார்டைச் செருகும் முன்

மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு கடலூர், புதுச்சேரி பக்கத்துக் கல்லூரிகளுக்கும் ஆலைகளுக்கும் நெட்வொர்க் வேலை செய்து தருகிறேன். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 6509 என்ற பெரிய நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகள் இன்னும் என் கையில் வருகின்றன. கார்டு செருக ஒன்பது ஸ்லாட் இருக்கும், இரண்டு மூன்று காலியாக இருக்கும். "கிளை ஆபீஸில் கழற்றிய கார்டு சும்மாதானே கிடக்கு, இதில் போட்டுடுங்க சார்" என்பார்கள். போடலாம். கார்டு ஏறும், பச்சை விளக்கும் எரியும். கார்டு நன்றாக இருக்கிறது என்பதைத்தான் அந்த விளக்கு சொல்லும். பக்கத்துக் கார்டுகளுக்கு என்ன ஆனது என்பதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

சூப்பர்வைசர் 720 என்ற தலைமைக் கார்டு உள்ள பெட்டியையே எடுத்துக்கொள்வோம். 6148 போன்ற பழைய கார்டுகளுக்கு ஒரே வழி, எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளும் 32 கிகாபிட் பஸ், அதாவது பொதுத் தடம். 6748 அப்படியல்ல, ஃபேப்ரிக்கை (கார்டுகளைத் தனித்தனிப் பாதையில் இணைக்கும் பகுதி) நோக்கி அதற்கென்று தனியாக 20 கிகாபிட் பாதைகள் இரண்டு உண்டு. பெட்டியில் ஃபேப்ரிக் கார்டுகள் மட்டும் இருந்தால் 'காம்பாக்ட்' முறையில் ஓடும். சூப்பர்வைசர் நொடிக்கு 3 கோடி பாக்கெட் (தரவுப் பொட்டலம்) வரை வழி பார்த்துச் சொல்லும். பழைய பஸ் கார்டு ஒன்றே ஒன்று நுழைந்தாலும் 'ட்ரங்கேட்டட்' முறைக்கு இறங்கிவிடும். 3 கோடி ஒன்றரைக் கோடியாகிவிடும். டிஎஃப்சி என்ற துணைப் பலகை பொருத்திய கார்டுகள் தாங்களே வழி பார்த்துக்கொள்வதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. செருகும் முன்னும் பின்னும் 'ஷோ ஃபேப்ரிக் ஸ்விட்ச்சிங்-மோட்' என்ற கட்டளையைக் கொடுத்து இரண்டையும் குறித்து வையுங்கள்.

டிஎஃப்சி கலந்தாலும் இதே கதைதான். சூப்பர்வைசரில் வழி பார்க்கும் பலகை பிஎஃப்சி3பி, கார்டில் அதைவிடப் பழைய ரகமான டிஎஃப்சி3ஏ என்றால் மொத்தப் பெட்டியும் 3ஏ நிலைக்குத்தான் இறங்கி வேலை செய்யும். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் நடக்காது, ரீலோட் (பெட்டியை மறுபடி துவக்குவது) வேண்டும். 720-க்குப் பின் வந்த சூப்பர்வைசர் 2டி இன்னும் கறார்: டிஎஃப்சி3 பொருத்திய கார்டை அது ஏற்றுக்கொள்ளவே செய்யாது. அதனால் 'ஷோ மாட்யூல்' எடுத்து, மாடல் எண்ணோடு கீழே வரும் துணைப் பலகைகளின் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். மாடல் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் பட்ட பாடு வேறு மாதிரி. புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் 6148-ஜிஇ-டிஎக்ஸ் கார்டைச் செருகினேன். வயரிங் செய்தவர் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று இரண்டு ஸ்டோரேஜ், கேமரா ரெக்கார்டர், பேக்கப் சர்வர் எல்லாவற்றையும் ஒன்று முதல் நான்கு வரை வரிசையாகக் குத்திவிட்டார். இரவு பேக்கப் ஊர்ந்தது. அந்தக் கார்டில் எட்டு எட்டுப் போர்ட்டாக ஒரு குழு. ஒரு குழுவுக்கே மொத்தம் ஒரு கிகாபிட்தான். கனமான நான்கும் ஒரே குழுவில் விழுந்துவிட்டன. ஒவ்வொன்றையும் 1, 9, 17, 25 என்று பிரித்து மாற்றியதும் நிலைமை தெளிந்தது. இப்போதெல்லாம் பழைய கார்டில் பிரின்டரும் மேசைக் கணினியும்தான். சர்வர் என்றால் 6748-க்கு.

அடுத்து மின்சாரம், காற்று. சூப்பர்வைசர் 720-க்கு வேகமான இரண்டாம் தலைமுறை ஃபேன் ட்ரே வேண்டும். அந்த ட்ரேக்கு 2500 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சப்ளை வேண்டும். 'ஷோ பவர்' கொடுத்து, புதுக் கார்டையும் சேர்த்தபின் ஒரே சப்ளையில் எல்லாம் அடங்குகிறதா என்று கூட்டிப் பாருங்கள். போதாவிட்டால் கார்டு எழும்பாது, 'பவர்-டினை' (மின்சாரம் மறுக்கப்பட்டது) என்று நிற்கும்.

கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். கடலூர் முதுநகர் பக்கம் கிடங்கில் கிடந்த கார்டு என்றால் உப்புக்காற்று அதைத் தொடாமல் விட்டிருக்காது. டார்ச் அடித்து கனெக்டரைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் அதைச் செருகவே வேண்டாம். சேசிஸின் (பெட்டியின் கூடு) உள்ளே ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். வளைந்த ஊசியின் மேல் கார்டை அழுத்தினால் அந்த ஸ்லாட்டே போய்விடும்.

செருகும் முன் கான்ஃபிகை (பெட்டியின் அமைப்புகளை) வெளியே காப்பி எடுத்துவிட்டு, மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டுங்கள். 'டயக்னாஸ்டிக் பூட்டப் லெவல் கம்ப்ளீட்' கொடுத்து வையுங்கள், சோதனை முழுமையாக நடக்கும். கார்டை ரெயில்களில் வைத்து நேராகத் தள்ளுங்கள். மேலே உள்ள கார்டின் உலோகப் பட்டை உரசினால் கார்டை லேசாகக் கீழே அழுத்தி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். கனெக்டர் தொட்டதும் தயங்காமல் இரண்டு நெம்புகோலையும் ஒரே நேரத்தில் மூடுங்கள். பாதியில் நிறுத்தினால் பஸ் அவ்வளவு நேரமும் நின்று, எல்லாப் போர்ட்டுகளும் விக்கும். நெம்புகோல் முழுசாக மூடிய பிறகுதான் திருகு. என்னோடு வரும் நெல்லிக்குப்பம் தம்பி முதல் நாள் திருகை வைத்தே கார்டை இழுத்து உட்காரவைக்கப் பார்த்தான். "அண்ணே, ஏறிடுச்சு" என்றான். ஒரு பக்கம்தான் ஏறியிருந்தது. கழற்றி மறுபடி செருக வேண்டியதாயிற்று.

மீதிக் காலி ஸ்லாட்டுகளுக்கு மூடியைப் போடுங்கள், இல்லையென்றால் காற்று அந்த வழியே ஓடி, கார்டுகள் சூடாகும். அப்புறம், பழைய கார்டின் முகப்பில் ஒரு சீட்டு ஒட்டி, எட்டு எட்டாகக் கோடு கிழித்து, 'ஒரு குழு ஒரு கிகாபிட்' என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள். நாளை வயர் குத்த வருபவர் யாரானாலும் அதைப் படித்துவிட்டுத்தான் குத்துவார்.