'வசீகரமான': எங்கே எழுதலாம், எங்கே ஒற்று கூடாது

கதையில் ஓர் ஆளை அறிமுகப்படுத்துகிறீர்கள். 'அழகான' போதவில்லை, 'கவர்ச்சியான' என்று எழுதக் கை வரவில்லை. அப்போது எடுக்க வேண்டிய சொல் 'வசீகரமான'. பெயரடை, வினையடை எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்குப் போகிறேன்.

படி 1: பொருள்

வடமொழி வழி வந்த சொல். வசம், வசியம், வசப்படுதல் எல்லாம் இதன் உறவுக்காரர்கள். தன் வசமாக்குவதுதான் அடிப்பொருள். ஆளில்லாத காட்டிலும் பூ அழகாகத்தான் இருக்கும். வசீகரம் என்றால் சொக்கிப்போக எதிரே ஒருவர் வேண்டும். அதனால் குரல், புன்னகை, பார்வை, பேச்சு, ஆளுமை, எழுத்து நடை ஆகியவற்றோடு இயல்பாகச் சேரும். ஆள் நல்லவராக இருக்க வேண்டும் என்பதில்லை. "அவனுடைய வசீகரமான பேச்சை நம்பிச் சீட்டு கட்டினார்கள்" என்று தாராளமாக எழுதலாம்.

படி 2: பக்கத்துச் சொற்கள்

'கவர்ச்சி'யைச் சினிமாச் செய்திகள் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டன. தள்ளுபடி விளம்பரத்துக்குச் சரி, தோழியின் அம்மாவைப் பற்றி எழுத வேண்டாம். 'வசிய' என்றால் மை, மருந்து, மாந்திரீகம். 'களையான முகம்' பேச்சில் வரும் நல்ல சொல், ஆனால் அதில் இழுக்கும் வேகம் இல்லை.

படி 3: ஒற்று

பலரும் வழுக்குவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்.

வசீகரமான பேச்சு: ஒற்று வராது. 'ஆன' பெயரெச்சம், அதன்பின் வல்லினம் மிகாது. 'வசீகரமானப் பேச்சு' பிழை.

வசீகரமாகப் பேசினார்: வரும். 'ஆக' சேர்ந்து வினையடை ஆகிவிட்டது.

வசீகரப் பேச்சு: வரும். 'வசீகரம்' என்பதன் கடைசி 'ம்' போய் வல்லினம் இரட்டிக்கிறது. வசீகரக் குரல், வசீகரச் சிரிப்பு எல்லாம் இப்படித்தான். அடுத்த சொல் வல்லினத்தில் தொடங்காவிட்டால் 'ம்' மட்டும் போகும்: வசீகர முகம்.

மூன்றில் எனக்குப் பிடித்தது கடைசி வடிவம். 'மான' குறைந்தாலே வாக்கியம் லேசாகிவிடும். சந்தேகம் வந்தால் நாவி சந்திப்பிழை திருத்தியில் ஒட்டிப் பாருங்கள். பொருளுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருப்பதால் அதைத்தான் முதலில் புரட்டுவேன். சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் சொல்லின் பூர்வீகம் தேடும்போது மட்டும்.

பின்சேர்க்கை: 'வசீகரா' பெயரடையா என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். இல்லை. வசீகரன் ஆண்பெயர், கூப்பிட்டால் வசீகரா.

'எதிர்க்க முடியாத வசீகரம்' சரியா என்று இன்னொரு கேள்வி. இலக்கணத்தில் தவறில்லை. ஆனால் வசப்படுத்துவது சொல்லுக்குள்ளேயே இருக்கிறதே, முன்னால் எதற்கு இன்னொரு அடை? அழுத்தம் வேண்டுமென்றால் வினையாக்குங்கள்: "அந்தக் குரல் கூடத்தையே வசீகரித்துவிட்டது."