'இன்' என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்: என் அனுபவம்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அக்காவின் மகள், 'இன்' என்று தொடங்கும் ஆங்கிலச் சொல் எதைக் கண்டாலும் 'இல்லை' என்றே பொருள் எழுதினாள். 'இன்கரெக்ட்' என்பதற்கு அது பொருந்தும். 'இன்ஃபிளேமபிள்' என்பதற்கும் 'எரியாதது' என்று எழுதியதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. பெயின்ற்றில் கலக்கும் தின்னர் ரின்னில் இருக்கும் எச்சரிக்கை அல்லவா அது!

அகராதியைப் பார்த்துக் கொப்பியில் எழுதவைத்தேன். ஒரேமாதிரித் தொடங்கும் சொற்கள் அடுத்தடுத்து வந்ததால் குழப்பம் கூடியது. ரியூசன் பட்டியலும் அதே அகரவரிசைதான்.

பலித்தது இது. 'இன்' இருக்கும் இடத்தில் 'எக்ஸ்' போட்டுப் பார்க்கச் சொன்னேன். இன்ஹேல், எக்ஸ்ஹேல், இன்க்ளூட், எக்ஸ்க்ளூட். இப்படிச் சோடி அமைந்தால் அந்த 'இன்' உள்ளே என்று பொருள்படும். அமையாமல், மிச்சச் சொல் மட்டும் 'கரெக்ட்' போலத் தனியே நின்றால் பெரும்பாலும் 'இல்லை'.

பலர் கவனிக்காத ஒன்று: இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் மூன்றிலும் இருப்பது அதே 'இன்'தான். அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப மாறியிருக்கிறது. பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆவதுபோல என்றதும் பிள்ளை பிடித்துக்கொண்டாள்.

இந்தச் சோதனைக்கு அடங்காதது இன்ஃபிளேமபிள். 'தீ மூட்டு' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. அங்கே 'இன்' மறுப்பு அல்ல. ஃபிளேமபிள், இன்ஃபிளேமபிள் இரண்டுமே எளிதில் தீப்பற்றும் பொருளைத்தான் குறிக்கும். எரியாததற்கு 'நொன்ஃபிளேமபிள்'. இதை மட்டும் சிவப்புப் பேனாவால் தனியாக எழுதவைத்தேன். அப்புறம் அவள் பிழை விடவில்லை.