அன்சார்டட் 4: முதல்முறை ஆடுகிறவர்களுக்கு

கன்ட்ரோலரையே இப்போதுதான் கையில் எடுக்கிறேன், எந்த கேமில் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது அன்சார்டட் 4. நாட்டி டாக் நிறுவனம் 2016 மே மாதம் பிளேஸ்டேஷன் 4-க்கு வெளியிட்டது, 2022-இல் கணினிக்கும் வந்துவிட்டது. ஆனால் இதை அடித்துப்பிடித்து ஓடி முடித்துவிட்டு "துப்பாக்கிச் சண்டைதானே" என்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அதனால் இப்படி ஆடிப் பாருங்கள்.

படி 1: கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

1695-இல் ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பல் மெக்கா யாத்திரிகர்களோடு சூரத்துக்குத் திரும்பும்போது ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கடற்கொள்ளையன் அதைச் சூறையாடினான், கடைசிவரை பிடிபடவும் இல்லை. இது நிஜ வரலாறு. அந்தப் புதையலைத்தான் கேமின் நாயகன் நேதன் டிரேக்கும் அவன் அண்ணன் சாமும் தேடிப் போகிறார்கள். முந்தைய மூன்று கேம்களை ஆடாவிட்டாலும் கதை புரியும்.

படி 2: 'லைட்' என்ற எளிதான நிலையில் தொடங்குங்கள்

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குறி தானாக எதிரி மேல் நிற்கும் வசதியும் செட்டிங்ஸில் இருக்கிறது, வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: சண்டையில் ஒரே இடத்தில் உட்காராதீர்கள்

புதியவர்கள் எல்லோரும் செய்வது இதுதான்: வட்ட பட்டனை அழுத்தி ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கி, எல்2 பட்டனில் குறிபார்த்து, அங்கிருந்தே எல்லோரையும் சுட்டு முடிக்கப் பார்ப்பார்கள். போர் அடித்துவிடும். முதலில் உயரமான புல்லுக்குள் புகுந்து, குறிபார்த்தபடியே இடது ஸ்டிக்கை அழுத்தி எதிரிகளை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் சாய்த்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் ஓடுங்கள். எல்1 அழுத்திக் கயிற்றில் தொங்கி மறுபக்கம் பாய்ந்து, கீழே நிற்பவன் மேலேயே விழலாம். அடிபடும்போது திரை மாறுகிறதே, அது காயம் அல்ல, நேதனின் அதிர்ஷ்டம் தீர்ந்துகொண்டே வருவதன் அடையாளம் என்று இதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு ஆடும்போது சண்டையே வேறு மாதிரி இருக்கும்.

படி 4: நான்காம் அத்தியாயத்தில் நில்லுங்கள்

இங்கே சண்டையே கிடையாது. நேதன் வீட்டுப் பரணில் பொம்மைத் துப்பாக்கியால் சுட்டு விளையாடுகிறான், பழைய சாமான்களை எடுத்துப் பார்க்கிறான், பிறகு மனைவி எலெனாவோடு உட்கார்ந்து கிராஷ் பாண்டிகூட் என்ற பழைய வீடியோ கேம் ஆடுகிறான். யார் பாத்திரம் கழுவுவது என்று பந்தயம் வேறு! எல்லாப் பொருளையும் எடுத்துப் பாருங்கள். சுவரில் இருக்கும் படங்களையும் விடாதீர்கள்.

படி 5: மடகாஸ்கரில் ஜீப்பை மெதுவாக ஓட்டுங்கள்

பத்தாம் அத்தியாயம் இது. நேராகப் போய்விட வேண்டாம், வழியில் தெரியும் இடிபாடுகளில் எல்லாம் இறங்குங்கள். சாமும் நேதனின் பழைய கூட்டாளி சல்லியும் பேசிக்கொண்டே வருவார்கள், பாதிப் பேச்சில் இறங்கிப் போய்த் திரும்பி வந்தால் "எங்கே விட்டோம்" என்று தொடர்வார்கள். சேற்றில் ஜீப் ஏற முடியாத இடத்தில், வண்டியை இழுக்கும் வின்ச் கயிற்றை நீங்களே இழுத்துக்கொண்டு நடந்து மரத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும்.

படி 6: பதினொன்றாம் அத்தியாயத்தை ஒரே மூச்சில் ஆடுங்கள்

ஹெட்போன் கட்டாயம். சந்தைக் கடைகளை இடித்துக்கொண்டு ஜீப் மலைச்சரிவில் இறங்கும், பின்னால் கவச வண்டி துரத்தும், கடைசியில் ஓடும் லாரியில் கயிற்றைப் போட்டுச் சேற்றில் இழுபட்டபடியே நீங்கள் சுட வேண்டியிருக்கும். சினிமாவில் பார்த்து வாயைப் பிளக்கிற காட்சி, இங்கே கன்ட்ரோல் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. திணறாமல் ஆட முடிவதற்குக் காரணம் இருக்கிறது: கயிறும் ஜீப்பும் அமைதியான அத்தியாயங்களிலேயே விரலுக்குப் பழகிவிட்டன, யாரும் பாடம் நடத்தாமலே.

அப்புறம் எல்லோரும் விடுதிக்குத் திரும்புவார்கள். அங்கே நடப்பதை நான் சொல்லப்போவதில்லை, ஆனால் நான்காம் அத்தியாயத்தில் நின்று ஆடியிருந்தால் அந்தக் கதவு திறக்கும்போது வயிற்றைப் பிசையும்.