கருவாட்டுக் கடைக்குக் குறுஞ்செய்தி விளம்பரம்: புதியவர்களுக்கான செய்முறை

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் கருவாடு, கருப்பட்டி, தொதல் என்னும் இனிப்பு போன்றவற்றை விற்கும் சிறு கடைக்காரர்களை மனத்தில் வைத்து இந்த விளக்கம் எழுதப்படுகிறது. வாட்ஸ்அப் இருக்கும்போது குறுஞ்செய்தி எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் பெரியவருக்கும், அன்றைக்கு இணைய வசதி தீர்ந்துபோனவருக்கும் குறுஞ்செய்தி போய்ச் சேரும்.

முதல் படி: சொல்லச் செய்தி இருக்கிறதா என்று பாருங்கள்

நம் கரையில் வியாபாரத்தின் நாட்காட்டியைக் கடல்தான் எழுதுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பச்சை மீன் குறைவதால் கருவாட்டைத் தேடுவோர் கூடுகிறார்கள். ஆகவே ஏப்ரல் தொடக்கத்தில் அனுப்பும் ஒரு செய்திக்கு உள்ள மதிப்பு, மற்ற மாதங்களில் அனுப்பும் பத்துச் செய்திகளுக்கு இருக்காது. அதுபோலவே ரமலானுக்கு முன் தொதல், பதநீர்க் காலத்தில் புதுக் கருப்பட்டி என்று உங்கள் சரக்குக்குரிய காலங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் இல்லாத நாளில் செய்தி அனுப்பாமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாம் படி: எண்ணையும் ஒப்புதலையும் சேர்த்து வாங்குங்கள்

கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். பெயர், கைப்பேசி எண், விரும்பும் பொருள், விரும்பும் மொழி, தேதி, கையொப்பம் ஆகிய ஆறும் அதில் இடம்பெறட்டும். மொழியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: இராமேசுவரத்துக்கு வந்து போகும் யாத்ரீகர்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரர்களின் எண்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். வெளிநாட்டு எண்ணுக்குக் குறுஞ்செய்திக் கட்டணம் வேறு என்பதால் அவர்களுக்கு வாட்ஸ்அப்பே சரி. யாரோ விற்கும் எண் பட்டியலை விலைக்கு வாங்கவே வேண்டாம்.

மூன்றாம் படி: டி.எல்.டி. பதிவு

சொந்த சிம்மிலிருந்தே எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்து, 2025 பிப்ரவரியில் திருத்திய விதிகளின்படி, பதிவு செய்யாத எண்ணிலிருந்து விளம்பரம் வந்ததாகப் பத்து நாளுக்குள் ஐந்து புகார்கள் சேர்ந்தாலே நடவடிக்கை தொடங்கும். முதல் தவற்றுக்கு அந்த எண்ணின் வெளிச்செல்லும் சேவை 15 நாள் நிறுத்தப்படும். மீண்டும் நடந்தால் ஓராண்டு இணைப்பே கிடையாது. வாடிக்கையாளர் முழுவதும் அந்த ஒரே எண்ணை நம்பியிருக்கும் கடைக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை.

எனவே ஏர்டெல், ஜியோ, வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். போன்ற நிறுவனங்களில் ஒன்றின் டி.எல்.டி. தளத்தில், அதாவது விளம்பரம் அனுப்புவோரையும் அவர்களுடைய வாசகங்களையும் பதியும் இணையதளத்தில், கடையின் பெயரில் பதிவு செய்யுங்கள். பான் அட்டை, கடைக்கான சான்று, கையொப்பமிட்ட கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். கட்டணத்தை அந்தந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பிறகு ஹெடர் எனப்படும் அனுப்புநர் அடையாளத்தைப் பெற வேண்டும். விளம்பரச் செய்தியானால் அந்த அடையாளத்தின் முடிவில் ஆங்கில ‘பி’ எழுத்து தானாகச் சேர்ந்துகொள்ளும். செய்தியை உண்மையில் அனுப்பிக் கொடுக்க, மொத்தக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்கு வேண்டும்.

நான்காம் படி: செய்தியை எழுதுதல்

பெரும்பாலோர் பணத்தை இழக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகப் படியுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள் உண்டு. தமிழில் 70 மட்டுமே. அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. ‘கருவாடு’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு. ‘நெத்திலிக் கருவாடு வந்துள்ளது.’ என்ற தொடரில் இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து நாம் 18 எண்ணுவோம். அது 30 இடத்தை எடுத்துக்கொள்கிறது. எழுபதைத் தாண்டினால் செய்தி 67 இடங்கள் கொண்ட துண்டுகளாகப் பிரிந்து, இரண்டு துண்டுக்கு இரண்டு செய்தியின் கட்டணம் விழும்.

மேற்சொன்ன தொடரை அடுத்து ‘கிலோ ரூ.’ என்று எழுதி, மூன்று இலக்க விலையும் ஒரு புள்ளியும் இட்டு, ‘ஞாயிறு வரை.’ என்று முடித்தால் மொத்தம் 55 இடம் ஆகும். மிச்சமுள்ள 15 இடத்தில் கடைப் பெயரை எழுதுங்கள். ஹெடரை மட்டும் வைத்து எவராலும் கடையை அடையாளம் காண முடியாது. வணக்கம், அன்பான வாடிக்கையாளரே என்றெல்லாம் தொடங்குவதற்கு இங்கே இடமில்லை. ஆங்கிலத்தில் அனுப்புவோருக்கும் ஓர் எச்சரிக்கை: ரூபாய்க் குறி ஒன்று நுழைந்தாலே 160 என்ற அளவு 70 ஆகச் சுருங்கிவிடும்.

எழுதிய வாசகத்தை டெம்ப்ளேட்டாக, அதாவது மாதிரி வாசகமாக, டி.எல்.டி. தளத்தில் ஏற்றி ஒப்புதல் பெற வேண்டும். விலை, நாள், மீன் பெயர் ஆகிய மாறும் இடங்களைக் குறிப்பிட்டுப் பதிந்தால் ஒரே டெம்ப்ளேட்டை நெத்திலிக்கும் சீலாவுக்கும் பயன்படுத்தலாம். பதிந்த வாசகத்திலிருந்து ஒரு புள்ளி மாறினாலும் செய்தி போகாமல் நின்றுவிடும். இணைய இணைப்பு சேர்ப்பதாக இருந்தால் அதையும் முன்பே பதிய வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

ஐந்தாம் படி: அனுப்புதல்

விளம்பரச் செய்திகளைக் காலை 10 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில் அனுப்ப வேண்டும். கருவாட்டுக்குச் சனிக்கிழமை முற்பகல் பொருத்தமாக இருக்கும். வெள்ளி, செவ்வாய், அமாவாசை நாள்களில் பல வீடுகளில் அசைவம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். ஆடி, தை அமாவாசைகளில் இராமேசுவரத்தில் கூட்டம் அலைமோதுகிறதே என்று அன்றைக்குக் கருவாட்டு விளம்பரம் அனுப்புவது பொருந்தாது, கருப்பட்டி விளம்பரமானால் பொருந்தும். முதல் முறை உங்கள் வீட்டு எண்கள் இரண்டு மூன்றுக்கு அனுப்பி, எழுத்து சிதையாமல் வருகிறதா, எத்தனை துண்டாகக் கணக்காகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கணக்குப் பார்த்தல்

அனுப்பிய நாளிலிருந்து மூன்று நாள்களுக்கு, வருகிறவர்களிடம் ‘செய்தி பார்த்து வந்தீர்களா?’ என்று கேட்டு நோட்டில் ஒரு கோடு போடுங்கள். போய்ச் சேராத எண்களை அனுப்பும் நிறுவனத்தின் அறிக்கை காட்டும். இரண்டு முறை சேராத எண்ணை அடித்துவிடலாம். விளம்பரத் தொல்லை வேண்டாம் என்று 1909 என்ற தொலைபேசி எண்ணில் பதிந்தவர்களுக்கு விளம்பரம் தடுக்கப்படும் என்பதால் போய்ச் சேர்ந்தவற்றின் எண்ணிக்கை சற்றுக் குறைவாகவே வரும். ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்று ஒருவர் கடைக்கு வந்து வாய்மொழியாகச் சொன்னாலும், அவர் படியிறங்கும் முன்பே நோட்டிலும் கணினிப் பட்டியலிலும் அந்த எண்ணை நீக்கிவிடுங்கள்.