ஓரமாகப் போனால் போதுமா? நெல்லையில் சைக்கிள் மிதிப்பவர்கள் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்குச் சைக்கிள் எடுத்தால் வீட்டில் சொல்லும் புத்தி ஒன்றுதான்: "ஓரமாப் போ." முதல் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. வண்ணாரப்பேட்டையில் தார் முடிகிற விளிம்பைப் பாருங்கள். மணல், கடை வாசலில் நிறுத்திய பைக்குகள், அதற்கும் வெளியே ஒரு ஆட்டோ. விளிம்பிலேயே போகிறவர் ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு நடுவுக்கு வளைய வேண்டும். பின்னால் வரும் மினி பஸ்காரருக்கு அவர் திடீரென்று முளைத்த ஆள். நிற்கிற காரின் கதவு திறந்தால் மூன்றடி வெளியே வரும். விளிம்பிலிருந்து மூன்றடி, நிற்கும் கார்களிலிருந்தும் அதே அளவு தள்ளி, ஒரே கோட்டில் போங்கள். ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும், அடிக்கிறவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்றுதானே அர்த்தம்!

அடுத்தது ஈரடுக்கு மேம்பாலம். 1973-இல் திறந்தபோதே சைக்கிள், பைக் மாதிரியான சின்ன வண்டிகளுக்குக் கீழ்த்தளம் கொடுத்துவிட்டார்கள். ஏற்றமும் அதில் குறைவு. அதை விட்டுவிட்டு மேல்தளத்தில் பஸ்ஸுக்கு முன்னால் மூச்சு வாங்க மிதிப்பது என்ன கணக்கோ!

"கொஞ்சத் தூரம்தானே" என்று எதிர்த்திசையில் வராதீர்கள். சந்திலிருந்து இடப்பக்கம் திரும்புகிறவர் வலது பக்கம்தான் பார்ப்பார். ஸ்டாப்பில் நிற்கிற டவுன் பஸ்ஸுக்கும் நடைமேடைக்கும் நடுவே நுழைவதும் அப்படித்தான்; படியிலிருந்து ஆள் நேராக நம் மேல் இறங்குவார்.

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் மேகாற்று வேறு. தாமிரபரணி மேல் 1843-இல் கட்டிய சுலோசனா முதலியார் பாலத்தில் காற்றை மறிக்க ஒன்றும் கிடையாது. பெரிய வண்டி கடக்கும்போது காற்று சட்டென்று நின்று, மறுபடி தள்ளும். அங்கே ஒற்றைக் கையால் ஓட்ட வேண்டாம்.

சீட்டைத் தாழ்த்தி வைப்பது பள்ளிப் பிள்ளைகளிடம் அதிகம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே அழுத்தினால் முழங்கால் நேராக வேண்டும். அதுதான் சரியான உயரம். மழையில், சக்கர வளையத்தை அழுத்தும் ரிம் பிரேக் உடனே பிடிக்காது, முன்கூட்டியே லேசாக அழுத்திக்கொண்டு வாருங்கள்.

அப்புறம், ஹேண்டில்பாரில் பை மாட்டுவது. பாளை மார்க்கெட்டிலிருந்து வரும்போது என் பை முன் சக்கரத்தில் சிக்கி, அரைக் கிலோ கத்தரிக்காயை ரோட்டில் பொறுக்கினேன். மறுநாளே பின்னால் கேரியர் போட்டுவிட்டேன்.